கைதட்டலும் கட்டணமும்

உடலைச் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு என்று மறைக்கல்வி வகுப்பில் மனனம் செய்தோம். நோயுற்றோரைப் பேணுதல் அவற்றுள் ஒன்று. தங்க இடமற்ற அந்நியரை ஏற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் நோயுற்றோரைப் பேணுகிறவரே ஓர் அந்நியராக இருப்பாராயின், அவருக்கு அந்நாடு செய்யக் கடமைப்பட்டது என்ன? அவர் ஆற்றும் இரக்கச் செயலை முழுமையாக ஏற்றுக்கொண்டு, அவருக்குரிய இரக்கத்தை மட்டும் படியால் அளந்து கொடுப்பது முறையாகுமா? சில ஆண்டுகளாக என் உள்ளத்தை விட்டு அகலாத கேள்வி இது.

நம் பங்குகளில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது, செவிலியர் பயிற்சி பெற்று அயல்நாடு சென்ற மகளோ மருமகளோ உண்டு. கோவில் திருவிழாவுக்கு அவர்கள் அனுப்பும் காணிக்கை ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகிறது. அவர்கள் வாங்கும் சம்பளம் எவ்வளவு என்று அறிய நாம் ஆவல் கொள்கிறோம். அவர்கள் அந்நாட்டு அரசுக்குக் கட்டுவது எவ்வளவு, அந்த அரசு வழங்கும் நிவாரணத்தில் அவர்களுக்குப் பங்குண்டா என்று கேட்பவர் அரியர். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், புனித வின்சென்ட் தே பவுல் சபையில் அமர்ந்து எளியவர்க்கு மனு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அவ்வழக்கத்தால் இங்கிலாந்தில் பணிபுரியும் இரு பெண்களின் காகிதங்களும் என் பார்வைக்கு வந்தன. அவற்றைப் படித்தபோது நான் அறிந்துகொண்டவற்றை நம் குடும்பங்களும் அறிய வேண்டும் என்று விரும்பியே இதனை எழுதுகிறேன்.

உயிர்ப்பு ஞாயிறன்று ஒரு நன்றி

2020 ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழா. கொரோனா நோயால் லண்டனிலுள்ள செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் தீவிர சிகிச்சை பெற்று உயிர் பிழைத்த பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் அன்றுதான் அங்கிருந்து வெளிவந்தார். தம் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருந்து காத்த இரு செவிலியரைப் பெயர் சொல்லி நாட்டு மக்கள் முன்னிலையில் நன்றி கூறினார். ஒருவர் நியூசிலாந்திலிருந்து வந்த ஜென்னி மெக்கீ. மற்றவர் போர்ச்சுகலிலிருந்து வந்த லூயிஸ் பிட்டார்மா. இருவரும் பிற நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதை உலகமே கவனித்தது.

அந்நாட்களில் பிரிட்டனில் வியாழன்தோறும் இரவு 8 மணிக்கு மக்கள் தம் வீட்டு வாசலில் நின்று மருத்துவப் பணியாளருக்காகக் கைதட்டினார்கள். மார்ச் 26 தொடங்கிப் பத்து வாரங்கள் இது நடந்தது. நோயால் உயிர்நீத்த முதல் பத்து மருத்துவர்களும் சிறுபான்மை இனத்தவர் என்பதை அந்நாட்டு மருத்துவச் சங்கம் அப்போது சுட்டிக்காட்டியது. அந்நியர் பலர் தம் உயிரையே கொடுத்து அந்நாட்டு நோயாளரைப் பேணினர்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து முப்பத்தெட்டாம் நாள், மே 20 அன்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் கெயர் ஸ்டார்மர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அயல்நாட்டிலிருந்து வந்த மருத்துவப் பணியாளரிடமும் பராமரிப்புப் பணியாளரிடமும் வாங்கும் சுகாதாரக் கட்டணத்தை நீக்கலாகாதா என்பதே அக்கேள்வி. பிரதமர் இணங்கவில்லை. அக்கட்டணத்தால் கிடைக்கும் பெருந்தொகைக்கு மாற்று வழி காண்பது கடினம் என்றார். மறுநாளே அவருடைய கட்சி உறுப்பினர் சிலரும் மனம் வருந்திப் பேசவே, அரசு பின்வாங்கியது. மருத்துவ, பராமரிப்புப் பணியாளருக்கு அக்கட்டணம் இல்லை என்று மே 21 அன்று அறிவிக்கப்பட்டது.

இருமுறை கட்டிய வரி

அக்கட்டணம் எத்தகையது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் மருத்துவம் அரசின் பொறுப்பு. 1948 ஜூலை 5 முதல் நடைபெற்றுவரும் தேசியச் சுகாதாரப் பணி மக்களின் வரிப்பணத்தால் இயங்குகிறது. ஆறு மாதத்திற்கு மேல் தங்க வருகிற அயல்நாட்டவர் இச்சேவைக்கென ஆண்டுதோறும் ஒரு கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி 2015 ஏப்ரலில் வந்தது. முதலில் அது ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு. 2019 ஜனவரியில் 400. 2020 அக்டோபரில் 624. 2024 பிப்ரவரியில் 1,035 பவுண்டு. விசா எத்தனை ஆண்டுக்கோ அத்தனை ஆண்டுத் தொகையையும் விண்ணப்பிக்கும்போதே முன்கூட்டிக் கட்ட வேண்டும். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியே கட்ட வேண்டும்.

2019இல் ஒரு செவிலியர் கணவரோடும் இரு பிள்ளைகளோடும் மூன்றாண்டு விசாவில் செல்வதாக வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் சேர்த்து 4,800 பவுண்டு. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனையில் புதிதாகப் பதிவுபெற்ற செவிலியரின் தொடக்கச் சம்பளம் அவ்வாண்டு 24,214 பவுண்டு. ஐந்தில் ஒரு பங்கை, வேலையில் கால் வைக்கு முன்பே கட்டியாக வேண்டும்.

உள்நாட்டவர் வரி செலுத்துகிறார்கள், புதிதாக வருகிறவர் ஏதும் செலுத்தியிராதபோது ஒரு பங்கு கேட்பது நியாயந்தானே என்று சிலர் கூறலாம். அக்கூற்றைப் புறக்கணிக்க இயலாது. ஆனால் வேலைக்கு வருகிற செவிலியரின் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே வருமான வரியும் தேசியக் காப்பீட்டுத் தொகையும் பிடிக்கப்படுகின்றன. ஆகவே அவர் ஒரே சேவைக்கு இருமுறை கொடுக்கிறார். இன்னொன்றும் உண்டு. அவருக்குச் செவிலியர் கல்வி அளிக்க அந்நாடு ஒரு பென்னிகூடச் செலவிடவில்லை. நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்புக்கு நகையை அடகு வைத்தவர் தாய். வயலை விற்றவர் தந்தை. சாலை விபத்திலும் பேறுகாலத்திலும் அவர் கையில் பயிற்சி பெறத் தம் உடலைக் கொடுத்தவர் நம் அரசு மருத்துவமனை ஏழைகள். முழுதாகப் பயிற்சி பெற்ற ஒருவரை இனாமாகப் பெற்றுக்கொண்ட நாடு, வாசலில் நிறுத்திச் சுங்கம் கேட்பது நீதியாகத் தோன்றவில்லை.

கோடு எங்கே போடப்பட்டது?

நிவாரணம் என்பது நல்லது. ஆனால் ஒவ்வொரு நிவாரணத்திற்கும் ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு இப்பால் நிற்பவர் பெறுவர். அப்பால் நிற்பவர் பெறார். அக்கோடு எங்கே போடப்படுகிறது என்பதில்தான் ஓர் அரசின் நெஞ்சம் வெளிப்படுகிறது.

2020 மார்ச் 31 அன்று, விசா முடியும் நிலையிலிருந்த மருத்துவர், செவிலியர், அவசர ஊர்திப் பணியாளர் ஆகியோருக்கு ஓராண்டு நீட்டிப்பு இலவசமாக அளிக்கப்பட்டது. ஏப்ரல் இறுதியில் மகப்பேறு செவிலியர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் முதலியோரும் சேர்க்கப்பட்டனர். முதியோர் இல்லப் பராமரிப்பாளரும், நோயாளரைத் தள்ளுவண்டியில் கொண்டுசெல்வோரும், நோய்க்கூடத்தைக் கழுவித் துடைப்போரும் சேர்க்கப்படவில்லை. பணியில் இறந்தவரின் குடும்பம் அந்நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்கலாம் என்ற சலுகையும் முதலில் இக்கடைநிலையோருக்குக் கிட்டவில்லை. சிரியாவிலிருந்து அகதியாக வந்து, லண்டன் மருத்துவமனை ஒன்றில் கொரோனாக் கூடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த ஹசன் அக்காத் என்பவர் பிரதமரை நோக்கி மனம் நொந்து பேசிய படக்காட்சியை நாடே பார்த்தது. மே 20 அன்றே அச்சலுகை அவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கிருமி மருத்துவரையும் துப்புரவாளரையும் பிரித்துப் பார்க்கவில்லை. சட்டந்தான் பார்த்தது.

இரு பெண்கள்

இனி நான் அறிந்த அவ்விரு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒருத்தி என் அக்காள் மகள். மற்றவள் எங்கள் பங்கைச் சேர்ந்தவள். என்னிடம் எட்டாம் வகுப்பில் பயின்றவள். இருவரும் ஒரே செவிலியர் கல்லூரியில் இரண்டாண்டு இடைவெளியில் படித்துத் தேறியவர்கள்.

என் அக்காள் மகள் 2021 அக்டோபரில் அரசு மருத்துவமனை வேலைக்கென்றே இங்கிலாந்து சென்றாள். மருத்துவப் பணியாளருக்கெனத் தனி விசா 2020 ஆகஸ்டில் ஏற்பட்டிருந்தது; அதன்படி சுகாதாரக் கட்டணம் அவளுக்கு இல்லை. மற்றவளின் கணவர் முதுகலைப் படிப்புக்கு இடம் பெற்றார். மாணவரின் மனைவி என்ற முறையில் 2022 செப்டம்பரில் அவள் சென்றாள். ஆகவே அவளுக்குக் கட்டணம் உண்டு. மாணவர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் உரிய குறைந்த விகிதம் ஆண்டுக்கு 470 பவுண்டு; ஒன்றரை ஆண்டுக்கு 705 பவுண்டு. நம் பணத்தில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். கணவருக்கும் அதே தொகை. நான்கு வயது மகனை உடன் அழைத்துச் செல்வதானால் அவனுக்கும் 705 பவுண்டு. போதாததற்கு அவனுக்கென வங்கியில் 6,120 பவுண்டு இருப்பும் காட்ட வேண்டும். கணக்கைப் பலமுறை கூட்டிப் பார்த்தார்கள். இறுதியில் குழந்தை பாட்டியிடம் விடப்பட்டான்.

அங்கே அவள் செவிலியராக உடனே பதிவு பெற இயலவில்லை. ஆங்கிலத் தேர்வும் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் முடித்தாக வேண்டும். அதுவரை முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்தாள். எழுந்து நடக்க இயலாத முதியோரைக் குளிப்பாட்டுவதும், உணவூட்டுவதும், இரவில் அவர்கள் அச்சத்தால் கூவும்போது கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பதும் அவள் வேலை. கட்டணம் கட்டியவர்களும் அத்தகைய பணியில் ஆறு மாதம் நிலைத்து, வாரத்துக்குச் சராசரி 16 மணி நேரமாவது உழைத்திருந்தால், கட்டிய தொகையை ஆறு மாதத்துக்கொரு முறை திரும்பப் பெறலாம் என்ற ஏற்பாடு 2020 அக்டோபரிலேயே தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் இப்படி ஒன்று உண்டென அவளிடம் எவரும் கூறவில்லை. அவள் வேலை செய்த இல்லத்தின் நிர்வாகமும் வாய் திறக்கவில்லை. விசா எழுதிக் கொடுத்த முகவரும் சொல்லவில்லை.

2023 தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, என் அக்காள் மகள் தொலைபேசியில் பேசும்போது, "மாமா, இங்கே பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறதாம், அவளுக்குப் பொருந்துமா என்று விதிகளைப் படித்துச் சொல்லுங்கள்" என்றாள். விதிகளை வரவழைத்து நான்கு முறை படித்தேன். பொருந்தியது. சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கி, வேலை நேரத்தைக் கூட்டி அவளே விண்ணப்பித்தாள். முதல் ஆறு மாதத்துக்குரிய 235 பவுண்டு அவள் கணக்கில் சேர்ந்தது. அன்றிரவு அவள் பேசினாள்: "ஐயா, தொகை பெரிதில்லை. ஆனால் நானும் அவர்கள் கணக்கில் ஓர் ஆள் என்று இன்றுதான் தோன்றியது."

திரும்பி வந்த பணம் மகனை அழைத்துக்கொள்ளப் போதவில்லை. அதற்குள் சட்டமும் மாறிற்று. 2024 ஜனவரி முதல் பெரும்பாலான முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர இயலாது. 2024 மார்ச் 11 முதல் புதிதாகச் செல்லும் பராமரிப்பாளர் கணவனையோ பிள்ளைகளையோ உடன் கொண்டுசெல்லக் கூடாது. 2025 ஜூலை 22 முதல் அவ்வேலைக்கு அயல்நாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. பதிவுபெற்ற செவிலியருக்கு மட்டும் குடும்பத்தை அழைக்கும் உரிமை இருந்தது. அதனால் அவள் இரவு வேலை முடித்து வந்து பகலில் படித்தாள். 2024இல் செய்முறைத் தேர்வில் தேறி, செவிலியராகப் பதிவு பெற்று, மருத்துவப் பணியாளர் விசாவுக்கு மாறினாள். 2025 தொடக்கத்தில் மகன் தாயிடம் சேர்ந்தான். கட்டணம் ஏதும் இல்லை. நான்கு வயதில் விட்டுச்சென்ற பிள்ளை ஆறு வயது கடந்து வந்தபோது, முதல் இரு நாளும் தாயை "நீங்க" என்றே அழைத்தானாம்.

அதே பெண், அதே கைகள், அதே முதியோர். அவள் நின்ற இடம் கோட்டுக்கு அப்பாலா இப்பாலா என்பது ஒன்றே ஒரு தாயையும் மகனையும் இரண்டரை ஆண்டு பிரித்து வைத்தது.

திருச்சபை சொல்வது

இதில் திருச்சபைக்கு என்ன வேலை என்று எவரும் கேட்கலாகாது. 1952இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், குடிபெயர்ந்தோரைப் பேணுவது பற்றி ஒரு தனி ஆவணமே வெளியிட்டு, நாடு கடந்த நாசரேத்துத் திருக்குடும்பத்தை அவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். 1981 செப்டம்பர் 14 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வேலைக்கென அயல்நாடு வந்தவர் உழைப்பைச் சார்ந்த உரிமைகளில் அந்நாட்டு உழைப்பாளரைவிடத் தாழ்த்தப்படலாகாது என்று தெளிவுபடுத்தினார். அவ்வாறாயின், கட்டணத்தை நீக்குவது தயவு அன்று. எடுத்ததைத் திருப்பித் தருதல். தயவைப் பெறுகிறவர் தலை குனிகிறார். உரிமையைப் பெறுகிறவர் நிமிர்கிறார். நம் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

உயிர்ப்பு ஞாயிறன்று நன்றி பெற்ற ஜென்னி மெக்கீ, செவிலியர்க்கு உரிய மதிப்பும் ஊதியமும் கிடைக்கவில்லை என்று கூறி 2021 மே மாதம் அவ்வேலையைத் துறந்தார். கைதட்டல் செவிக்கு இனியது. ஆயினும் அதைக் கொண்டு வீட்டு வாடகை கட்ட இயலாது.

குடும்பங்கள் அறிய வேண்டியவை

மகளையோ மருமகளையோ அனுப்பும் பெற்றோருக்குச் சில சொற்கள் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

முதலாவது, எந்த வகை விசாவில் செல்கிறாள் என்று கேளுங்கள். வேலை ஒன்றாயிருந்தாலும் விசா வேறானால் உரிமையும் வேறாகும். விதிகள் அடிக்கடி மாறுவதால், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூன்றாண்டுக்கு முன் நடந்ததை நம்பிப் புறப்படலாகாது. அந்நாட்டு அரசு வெளியிட்ட விதியையே பாருங்கள்.

இரண்டாவது, சம்பளச் சீட்டு ஒன்றைக்கூட எறிய வேண்டாம் என்று சொல்லியனுப்புங்கள். உழைத்ததை மெய்ப்பிக்கும் சாட்சி அதுவே.

மூன்றாவது, அங்குள்ள விசாக்களில் பெரும்பாலானவற்றில் 'பொது நிதிக்கு உரிமையில்லை' என்று ஒரு நிபந்தனை இருக்கும். அதைக் கண்டு நம் பிள்ளைகள் அஞ்சி, தமக்கு உரியதையும் கேளாமல் இருந்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை, வீட்டு வாடகை உதவி, வருமானம் குறைந்தோர்க்கான உதவி ஆகியவை அந்நிபந்தனையுள் அடங்கும். அவற்றைக் கேட்கக் கூடாது. ஆனால் நோய்க்கால ஊதியமும், தாம் செலுத்திய தேசியக் காப்பீட்டின் பயனாக வரும் உதவிகளும் அதனுள் அடங்கா. கொரோனாக் காலத்தில் வேலையின்றி இருந்தோருக்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை அரசு ஈடு செய்தபோது, அதுவும் பொது நிதியாகக் கருதப்படவில்லை. எது உரியது, எது உரியதன்று எனப் பிரித்தறிவது அவசியம்.

நான்காவது, வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் முகவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். வேலை தேடுகிறவரிடம் அதற்கெனக் கட்டணம் வாங்குவதை 1973ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம் தடுத்துள்ளது. நம் தமிழ்நாட்டு அரசும் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்தி வருகிறது. முதலில் அவ்வாசலைத் தட்டிப் பார்ப்பது நலம்.

நகோமி செய்த உதவி

விவிலியத்தில் ரூத்து ஓர் அந்நியப் பெண். கணவனை இழந்து, மாமியாரோடு பெத்லகேம் வந்தாள். அறுவடையில் சிந்தும் கதிர்கள் அந்நியர்க்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை என்று மோசேயின் சட்டம் விதித்திருந்தது. அது பிச்சை அன்று. ஆண்டவர் எழுதி வைத்த உரிமை. போவாசு அதற்கும் மேலே சென்று, அவளுக்காகக் கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடும்படி தம் ஆட்களிடம் சொன்னார். ஆயினும் உறவின் முறையாரிடம் கேட்டுப்பெறும் மீட்பின் உரிமை ஒன்று உண்டென்பதை அவளுக்கு எடுத்துச் சொன்னவர் நகோமி. ஊர் வழக்கம் தெரிந்த ஒரு மூதாட்டி வழி காட்டியிராவிட்டால், ரூத்து கதிர் பொறுக்கிக்கொண்டே இருந்திருப்பாள்.

நம் பங்குகளுக்கு இன்று தேவை நகோமிகளே. அயல்நாட்டுக் கோவில்களில் தமிழ்த் திருப்பலி முடிந்து தேநீர் அருந்தும் நேரத்தில், புதிதாக வந்த பெண்ணிடம், "உனக்கு வர வேண்டிய பணம் வந்ததா?" என்று ஒருவர் கேட்டால் போதும். இங்கே நம் ஊரிலும் கல்வி கற்ற இளைஞர் இருவர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அமர்ந்து விதிகளைப் படித்துச் சொன்னால் போதும். நாம் நடத்தும் மருத்துவமனைகளில் இரவெல்லாம் கூடத்தைத் துடைக்கும் ஆயாவுக்கும், வட மாநிலத்திலிருந்து வந்த காவலாளிக்கும் சட்டம் தரும் உரிமைகள் கிடைக்கின்றனவா என்று பார்ப்பதும் அதே கடமையைச் சேர்ந்தது.

நோயுற்றிருந்தபோது தம்மைப் பார்க்க வந்தவரையும், அந்நியராயிருந்தபோது தம்மை ஏற்றுக்கொண்டவரையும் ஆண்டவர் ஒரே வரிசையில் நிறுத்தித் தம் வலப்பக்கம் அழைப்பார். நோயாளரைப் பேணும் பணியை நம் பிள்ளைகள் கடல் கடந்து செய்து வருகிறார்கள். அந்நியரான அவர்களுக்கு உரியது கிடைக்கச் செய்யும் பணி நம்மிடம் இருக்கிறது.